நிம்ஹான்ஸா, தெருமுனை நிலையமா, 14416-ஆ? ஸ்ரீராமபுரத்துக் கணக்கு

என் அத்தைக்கு மனச்சிதைவு நோய். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்களோடு இருக்கிறார். பதினொரு ஆண்டுகளாக அவருடைய மாத்திரைக் கணக்கு என் பொறுப்பு. மனநல சிகிச்சைக்கு அரசு எங்கே பணம் போட வேண்டும், பெரிய மருத்துவமனையிலா, தெருமுனை ஆரம்ப சுகாதார நிலையத்திலா, தொலைபேசிச் சேவையிலா என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் அந்தக் கணக்கிலிருந்தே யோசிக்கிறேன்.

ஓசூர் சாலையில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருப்பது இந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த கொடுப்பினை. நோய் இன்னதென்று கண்டுசொல்லவும், முற்றிய நாளில் சேர்த்துக்கொள்ளவும் அதற்கு ஈடில்லை. ஆனால் மருந்து ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். பீன்யா தையல் ஆலையில் வேலை செய்யும் அத்தை மகள் தாயைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போனால் அன்றைய கூலி போயிற்று. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள். இவர்களில் எத்தனை பேரைப் பஸ் தூரம் தடுத்ததோ!

அருகிலேயே சிகிச்சை என்ற யோசனைக்கு வயது அதிகம். 1970களின் நடுவில் நிம்ஹான்ஸ் மருத்துவர்களே நகரை அடுத்த சக்கலவாராவில் அதைத் தொடங்கினார்கள். 1985இல் பல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குக் குறுகிய பயிற்சியும் சில அடிப்படை மருந்துகளும் கொடுத்துச் செய்து காட்டினார்கள். அதுவே 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடெங்கும் பரவத் தொடங்கியது. நெடுந்தூரம் அலையாமல் சிகிச்சை பெறுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே சொல்கிறது.

இதன் பலவீனத்தையும் அனுபவித்திருக்கிறேன். ஒருமுறை நிலையத்தில் மாத்திரை இருப்பு தீர்ந்து மூன்று வாரம் வரவில்லை. இரண்டாம் வாரமே அத்தையின் தூக்கம் போனது. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார், கை தோல் சுருங்கும் வரை.

2022 அக்டோபரில் வந்த 14416 என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம். வெளியே சொல்லக் கூசுகிறவர் முதல் வார்த்தை பேச நல்ல இடம். நாள்பட்ட நோயை அதை மட்டும் நம்பி விட முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2010இல் வெளியான கோவா ஆய்வு. மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்குத் துணையாக வைத்தார்கள். அரசு நிலையங்களில் குணமடைந்தோர் எண்ணிக்கை கூடியது. தனியார் மருத்துவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. மனச்சிதைவு வேறு நோய்தான். ஆனாலும் வாசலுக்கு வந்து விசாரிக்கும் ஆள் எந்த நோய்க்கும் வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வீடு வீடாக வரும் அரசு சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளர் கோலார் பக்கத்துத் தமிழர். மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அத்தை, செவ்வாய்க்கிழமை மாத்திரை அப்படியே இருக்கிறதே?" என்று கேட்டார். நான் கேட்டால் முகம் திருப்பும் அத்தை, அவரிடம் வாய் கசப்பதையும் கை நடுங்குவதையும் சொன்னார். அடுத்த முறை மருத்துவர் அளவைக் குறைத்தார்.

எனவே என் ஓட்டு தெருமுனை நிலையத்துக்கே. மூன்று மாத மருந்து எப்போதும் இருப்பில் இருக்கட்டும். வீடு வீடாக வரும் அந்தப் பெண்ணுக்கு ஊக்கத்தொகைக்குப் பதில் மாதச் சம்பளம் கொடுக்கட்டும். நிம்ஹான்ஸுக்கு நாங்கள் ஆண்டுக்கு இருமுறை போய்க்கொள்கிறோம்.