பருத்தி வாடலுக்கு ட்ரைக்கோடெர்மா: ஐந்து வருஷம் போட்டுப் பார்த்ததில்

பெரம்பலூர் பக்கம் இரண்டு ஏக்கர் கரிசல், மானாவாரி பி.டி. பருத்தி. முதல் வருஷம் கார்த்திகைப் பனி இறங்கியதும் காய் பிடித்த செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாட ஆரம்பித்தன. இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடையில் மஞ்சளடித்து, ஓரம் கருகியது. தண்டை நீளவாக்கில் பிளந்து பார்த்தால் உள்ளே பழுப்புக் கோடு. வெர்ட்டிசிலியம் வாடல், மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சணத்தால் வருவது.

பிளந்து பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள். இழுத்தவுடன் கையோடு வந்து, வேர்ப்பட்டை நார்நாராக உரிந்தால் அது வேரழுகல். காய்ந்து கிடந்த நிலத்தில் பெருமழை பெய்த மறுநாளே செடி துவண்டு, தண்டுக்குள் கோடும் இல்லையென்றால் பூஞ்சணமே கிடையாது. அதற்குப் பூஞ்சணக்கொல்லி ஊற்றுவது வீண்செலவு.

அந்த வருஷம் கார்பென்டசிம் என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 1 கிராம் கலந்து வேரில் ஊற்றினேன். வாடியது ஒன்றுகூட எழவில்லை. சுற்றி நின்றவை ஓரளவு தாக்குப் பிடித்தன, அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம், கடையில் சொன்னபடி ட்ரைக்கோடெர்மாவையும் கார்பென்டசிமையும் ஒரே டிரம்மில் கரைத்து ஊற்றினேன். ட்ரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சணம்தான், நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம். நோயைக் கொல்லும் மருந்து அதையும் கொல்லும் என்று யாரும் சொல்லவில்லை. பணமும் போச்சு, பட்டமும் போச்சு. இதேபோல் நோயை அடக்கப் போடும் சூடோமோனாஸ், பூஞ்சணம் அல்ல, பாக்டீரியா என்பதால் கார்பென்டசிம் அதை அவ்வளவாகத் தொடாது.

மூன்றாம் வருஷம்தான் வழி பிடிபட்டது. பி.டி. விதை ஏற்கெனவே மருந்து பூசி வருவதால் விதைநேர்த்தியை விட்டுவிட்டு மண்ணுக்கே கொடுத்தேன். ஏக்கருக்கு 1 கிலோ ட்ரைக்கோடெர்மா விரிடி, நன்றாக மக்கிய தொழுவுரம் 50 கிலோ. வேப்பமர நிழலில் குவித்து, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு போட்டு 15 நாள் மூடி வைத்தேன். சாக்கைத் தூக்கினால் எருவின் மேல் வெள்ளையாகப் படர்ந்து பச்சைப் பொடி பூத்திருக்கும். மெல்லிய தேங்காய் வாசனை அடிக்கும். அந்தப் பச்சை வராத குவியலை நான் வயலுக்குக் கொண்டு போவதில்லை. பாக்கெட்டில் தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள், பழசு முளைக்காது.

நான்காம் வருஷம் பருத்திமாரை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தி, மக்காச்சோளம் போட்டேன். இந்தப் பூஞ்சணம் மண்ணில் பல வருஷம் உறங்கும், ஆனால் மக்காச்சோளத்தில் அதற்குத் தீனி இல்லை. எருவைவிட இதுதான் பெரிய வைத்தியம் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் வருஷம் மறுபடி பருத்தி. முன்பு சாலுக்குப் பத்துச் செடி போன இடத்தில் இரண்டு மூன்றுதான் வாடின. கார்பென்டசிம் டப்பாவைத் திறக்கவே இல்லை. இந்த ஆடிக்கும் எரு இறக்கியாகிவிட்டது, சாக்கு நனைத்து மூட வேண்டியதுதான் பாக்கி.