இரண்டாவது சனிக்கிழமை சட்ட உதவி மையம்: ஒன்றரை வருடம் பார்த்ததில் சொல்கிறேன்

திண்டிவனத்துக்கு மேற்கே எங்கள் ஊர். மகளிர் குழுவில் நான் செயலாளர்; தையல் வேலை. ஒரு சட்டக் கல்லூரியின் மாணவர்கள் ஒன்றரை வருடமாக, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை, எங்கள் ஊரில் சட்ட உதவி மையம் நடத்துகிறார்கள். காசு கிடையாது. பக்கத்து ஊர்க் குழுக்களில் இருந்து "நாங்களும் கூப்பிடலாமா, பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். கூப்பிடுங்கள். ஆனால் மேசையை எங்கே போடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதல் மாதம் ஊருக்குள், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் போட்டார்கள். மின்விசிறி இருந்தது, நாற்காலி இருந்தது. எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. அந்த மண்டபத் திண்ணையில் என் மாமியார் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நான் மட்டும் போய் வாசலில் நின்று, "எங்க பக்கம் வர மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம்க்கா?" என்றாள் ஒரு மாணவி.

"காலனிம்மா."

"ஹவுசிங் போர்டு காலனியாக்கா?"

சென்னையில் வளர்ந்த பெண். அவளுக்குத் தெரிந்த காலனி அதுதான். எங்கள் பக்கம் காலனி என்றால் எஸ்.சி. மக்கள் குடியிருக்கும் தெரு. அவளையும் கூட இருந்த இரண்டு தம்பிகளையும் அழைத்துக்கொண்டு நடந்தேன். தார் ரோடு எந்த இடத்தில் முடிகிறது, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, எங்கள் சுடுகாட்டுக்குப் போக அடுத்தவர் வயல் வரப்புதான் வழி என்பதையெல்லாம் காட்டினேன். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சந்தோஷம்தான். எங்கள் பிணம் இன்றைக்கும் அந்த வரப்பில்தான் போகிறது.

அடுத்த மாதம் மேசை எங்கள் தெரு அங்கன்வாடித் தாழ்வாரத்துக்கு வந்தது. எங்கள் ஆட்கள் வந்தார்கள். ஊர்த் தெருவிலிருந்தும் இரண்டு பெண்கள் வந்தார்கள். அதில் ஒருவருடைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவருக்குக் கல்யாணம் ஆனது 1987இல். தாத்தா வழி நிலம், இன்னும் பாகம் பிரிக்காதது. தம்பிகள், பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, "1989இல் வந்த சட்டம் அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குச் செல்லாது, சும்மா ஒரு கையெழுத்துதானே அக்கா" என்று நெருக்கியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தர இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தம், 25.3.1989க்கு முன் கல்யாணம் ஆன மகள்களை விட்டுவிட்டது. ஆனால் 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்தபோது அந்தத் தடை போய்விட்டது. 20.12.2004க்கு முன்னால் பதிவு செய்த பத்திரம் மூலமோ கோர்ட் மூலமோ பாகம் பிரிந்திருந்தால் சிக்கல். அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதும் பொருட்டில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனையையும் அந்தப் பிள்ளைகள் ஒரு தாளில் கோடு போட்டு, தாத்தா, அப்பா, பிள்ளைகள் என்று வட்டம் வரைந்து, அவருக்குப் புரியும் வரை மூன்று முறை சொன்னார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை.

மாணவர்கள் கோர்ட்டில் வாதாட முடியாது. வக்கீலாகப் பதிவு செய்தவர்கள்தான் முடியும். அதனால் அவரை அழைத்துக்கொண்டு கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தார்கள். 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. இது எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 15100 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சை வரும் மாதங்களில் வராமல் இருந்துவிடுகிறார்கள். அதை முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து தாழ்வாரத்தில் காத்திருந்து திரும்பியவர்களுக்கு நான்தான் பதில் சொன்னேன். இன்னொன்று, தனியாகப் பேச இடம் இல்லை. புருஷன் அடிக்கிறான் என்று சொல்ல வந்த பெண், பத்துப் பேர் சுற்றி நிற்பதைப் பார்த்து ரேஷன் கார்டு பற்றிக் கேட்டுவிட்டுப் போனாள். பிறகு நான் என் வீட்டில் உட்காரவைத்துப் பேச ஏற்பாடு செய்தேன். அங்கிருந்துதான் குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலருக்கு மனு போனது. அடுத்த வருடம் இறுதியாண்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்து போனதும், புதிதாக வந்தவர்கள் அவளிடம் "என்ன பிரச்சினைன்னு முதல்ல இருந்து சொல்லுங்கக்கா" என்றார்கள். அவள் எழுந்து போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கூட வந்த பேராசிரியரிடமே நேராகச் சொன்னேன்: உங்களுக்கு மார்க் போடுகிற பாடம் சார், அவளுக்கு அது உடம்பில் இருக்கிற காயம்.

அவர் முகம் சுளிக்கவில்லை. அதன் பிறகு ஒரு நோட்டு போட்டார்கள். யார் வந்தார்கள், என்ன மனு, எந்தத் தேதி, அடுத்து என்ன என்று எழுதி, என் தையல் மெஷின் பக்கத்து அலமாரியில்தான் வைக்கிறார்கள்.

போகும்போது பட்டா, வரி ரசீது, ஆதார் நகல், பழைய பத்திரம் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். 11 மணிக்குள் போனால் காத்திருக்க வேண்டாம். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், உதவித்தொகை மனுக்கள் சுத்தமாக எழுதித் தருகிறார்கள். கடன், சீட்டுப் பணம் விஷயங்களில் அவ்வளவு தெளிவில்லை.

சுடுகாட்டு வழிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா ஆபீஸுக்கு எழுதினோம், 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். 27ஆம் நாள் வந்தது. பதிவேட்டில் அந்த இடம் பாதைப் புறம்போக்கு என்றே இருக்கிறது, வரப்பு ஓரமாக நீளத்துக்கும். அளந்து காட்டச் சொல்லி ஆட்சியரிடம் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மனுவை எழுதியவள் ஹவுசிங் போர்டா என்று கேட்ட அதே பெண். சர்வேயர் வரும் தேதிக்காக நோட்டில் ஒரு வரி காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.