கித்துல்கல, எல்ல, நுவரெலியா, மீமுரே: கூட்டாளிங்களோட போறதுக்கு எது சரி?

எங்க வாட்ஸ்அப் க்ரூப்ல லோங் வீக்கெண்ட் வருதுன்னு ஒருத்தன் கலண்டர் படத்த போட்டா போதும், அன்னைக்கு வேலை நாசம். அஞ்சு பேரு, அஞ்சு ரூட். ஒருத்தனுக்கு ஆத்துல குதிக்கணும், ஒருத்தனுக்கு எல்லயில போயி வெள்ளக்காரங்களுக்கு நடுவுல பியர் அடிக்கணும், யாழ்ப்பாணத்தானுக்கு குளிராத எடமா இருந்தா போதும். நான் ஹட்டன் பக்கம் பொறந்தவன், அதனால எங்க போனாலும் என்னத்தான் வழி காட்ட சொல்லுவானுங்க, வழி தப்புனா திட்டும் எனக்குத்தான். இந்த நாலு எடத்துக்கும் ஒரு தடவைக்கு மேல போயாச்சு, அடி பட்டு கத்துக்கிட்டத எழுதி வச்சா யாருக்காவது உதவும்னுதான் இது.

மொதல்ல ஒரு விஷயம். நம்ம நாட்டுல லோங் வீக்கெண்ட் வந்தாலே பாதி நேரம் அது போயாவால, அதாவது பௌர்ணமி லீவால, வந்ததா இருக்கும். போயா அன்னைக்கு நாடு பூரா வைன் ஸ்டோர் சாத்திருக்கும், ஹோட்டல் பார்லயும் ஊத்தமாட்டாங்க, வெசாக்னா ரெண்டு நாளு. இத மறந்துட்டு கெளம்பி, கினிகத்தேனைல பூட்டின கதவ பாத்து நின்னவங்க கதை எல்லா க்ரூப்லயும் ஒண்ணு இருக்கும். எங்க க்ரூப்ல மூணு இருக்கு.

இன்னொன்னு, வெளிநாட்டு வீடியோ எல்லாம் பாத்துட்டு “மச்சான் மலைநாட்டுல ப்ரூவரி டூர், டிஸ்டிலரி டூர் எதாவது இருக்கா”ன்னு கேப்பானுங்க. சாராயம் வடிக்கிற பெரிய எடமெல்லாம் கீழ, களுத்துறை, சீதுவ மாதிரி தென்னை இருக்கிற பக்கம்தான். காரணம் சிம்பிள், தென்னங்கள்ளு எறக்குன கொஞ்ச நேரத்துலயே புளிக்க ஆரம்பிச்சிரும், ஒரு நாளுக்கு மேல வச்சா வினாகிரி பக்கம் போயிரும், அத தூக்கிக்கிட்டு கடுகண்ணாவ ஏறி வர முடியாது, மரத்துக்கு பக்கத்துலயே வடிச்சாத்தான் சரி. பியர் மட்டும் ஒரு காலத்துல உண்மையிலேயே மலைநாட்டு சாமான். 1849ல நுவரெலியாவுல சாமுவேல் பேக்கர்னு ஒரு வெள்ளக்காரர் ஆரம்பிச்சு வச்ச ப்ரூவரி, அதோட பரம்பரைதான் இன்னைக்கு நாம குடிக்கிற லயன். ஆனா 1998ல புது ஃபெக்டரி பியகமவுல வந்துருச்சு. அதாவது கொழும்புலருந்து மணித்தியாலக் கணக்கா மலை ஏறி போயி, கொழும்புக்கு பக்கத்துல காய்ச்சுன பியர அங்க குடிக்கிறோம். இத சொன்னா எவனும் நம்பமாட்டேங்கிறான்.

சரி, எடத்துக்கு வருவோம்.

கித்துல்கலயோட பெரிய ப்ளஸ் தூரம். கொழும்புலருந்து அவிசாவளை, யட்டியாந்தோட்டைன்னு ஏ7 ரோட்டுல கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், காலைல ஆறு மணிக்கு எடுத்தா ஒம்பதுக்கு முன்ன டீ குடிக்கலாம். லீவு ஒரு நாள்தான் கெடைக்கும்னா வேற யோசனையே வேண்டாம். களனி கங்கைல ரப்பர் போட்டுல அஞ்சு கிலோமீட்டர் மாதிரி கூட்டிட்டு போவாங்க, தண்ணியோட வேகம் கிரேட் 2, 3 அளவுதான், நீச்சல் தெரியாதவனும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு சமாளிக்கலாம். மேல மின்சார நிலையங்கள் இருக்கு, அவங்க தண்ணி விடுறத பொறுத்துத்தான் ஆத்தோட குணம் மாறும், அதனால எத்தன மணிக்கு எறங்கலாம்னு முன்கூட்டியே போன் பண்ணி கேட்டுக்கிறது நல்லது. பக்கத்துலயே ஓடைக்குள்ள எறங்கி பாறைல சறுக்குறது, குளத்துல குதிக்கிறதுன்னு இன்னொரு அரை நாளும் இருக்கு. போட்ட விட எனக்கு அதுதான் புடிக்கும்.

ஆனா கித்துல்கலயில ஒரு சிக்கல், தண்ணி வெளையாட்டு வர்றதுக்குள்ள பத்து, பதினொன்னு ஆயிரும். அதுக்கு முன்னயே, ஆளுங்க வேன்ல ஏறின உடனேயே பாட்டு போட்டு போத்தல் மூடியும் தொறந்துருவானுங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்ன எங்களோட வந்தவன் ஒருத்தன் அவிசாவளை தாண்டுறதுக்குள்ள ரெண்டு லயன் ஸ்ட்ரோங் உள்ள தள்ளிட்டான், அது 8.8 வீதம், வெறும் வயிறு வேற. ஆத்தங்கரையில லைஃப் ஜாக்கெட் வார இழுத்து கட்டிக்கிட்டே வந்த பையன், இவன்கிட்ட வந்த ஒடனே மூக்க சுருக்குனான். ஒரு வார்த்த பேசல. கட்டின க்ளிப்ப டக்கு டக்குன்னு மூணையும் கழட்டி, ஜாக்கெட்ட உருவி தோள்ல போட்டுக்கிட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டான். நம்மாளு சிங்களத்துல கெஞ்சுறான், இங்கிலீஷ்ல கெஞ்சுறான், கடைசில தமிழ்ல திட்டுறான், ஒண்ணும் நடக்கல. எங்க அஞ்சு பேரு போனையும் மடில வச்சிக்கிட்டு ரெண்டு மணித்தியாலம் வேனுக்குள்ள காவல் இருந்தான். அந்த பையன் செஞ்சதுதான் சரின்னு அன்னைக்கே எங்களுக்கு தெரியும், இவன் மட்டும் இன்னும் ஒத்துக்கல.

எல்ல வேற மாதிரி. அங்க போறதே ஒரு வேலை, ஏ4ல ரத்னபுரி, பலாங்கொடை, ஹல்தும்முல்லைன்னு வளைஞ்சு வளைஞ்சு போகணும், இல்லாட்டி தெற்கு அதிவேக பாதைல போயி வெல்லவாய பக்கமா ஏறணும். ஒரு ராத்திரியாவது தங்காம போறது பாவம். சின்ன சிவனொளிபாத மலை ஏறுறதுக்கு ஒரு மணித்தியாலம் கூட ஆகாது, சப்பாத்து கூட தேவையில்ல, செருப்போட ஏறுறவங்கள பாத்திருக்கேன். ஒம்பது வளைவு பாலம் 1921ல கட்டினது, கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பு இல்ல, ட்ரெயின் வர்ற நேரத்துக்கு அங்க நிக்கிற கூட்டத்த பாத்தா தேர்த்திருவிழா தோத்துரும். சிப்லைனும் இருக்கு, கத்திக்கிட்டே தேயிலைக்கு மேலால போலாம். ராத்திரிக்கு குடிக்கிறதுக்கு மலைநாட்டுலயே எல்ல மாதிரி எடம் கெடையாது, மெயின் ரோட்டு ரெண்டு பக்கமும் பாட்டும் லைட்டும்தான்.

ஆனா பில்லு வரும்போது தெரியும் அது நமக்காக கட்டின ஊர் இல்லன்னு. ஒரு டெவில்ட் சிக்கன் ப்ளேட்டுக்கு குடுத்த காசுக்கு பண்டாரவளைல அஞ்சு பேரும் கொத்து சாப்ட்ருக்கலாம். அதோட, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒக்காந்தா அடுத்த நாள் எல்ல ரொக் யாரும் ஏறமாட்டான், அது எழுதி வச்ச மாதிரி. மூணு தடவ போயிருக்கோம், மூணு தடவையும் “நாளைக்கு விடிய காலைல ஏறுறோம்”னு சத்தியம் பண்ணோம், ஒரு தடவ கூட ஏறல. எல்ல பக்கம் போனா நான் சிபாரிசு பண்றது கொஸ்லந்தை பக்கம் இருக்கிற தியலும. 220 மீட்டர் நீர்வீழ்ச்சி, அதோட உச்சில குளம் குளமா தண்ணி தேங்கி நிக்கும், அதுல எறங்கி குளிக்கலாம். மழை நாள்ல மட்டும் கிட்டயும் போக கூடாது, தண்ணி எப்ப கூடும்னு சொல்ல முடியாது, வழுக்குனா கீழ தடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அங்க போத்தலோட ஏறுறவனுங்கள கண்டா எனக்கு உண்மையிலேயே கோவம் வரும், கண்ணாடி ஒடைச்சு அந்த பாறைலயே போட்டுட்டு போறானுங்க, வெறுங்காலோட குளிக்கிற எடம் அது.

மீமுரே பத்தி கொஞ்சமா சொல்றேன், ஏன்னா அது எல்லாருக்கும் இல்ல. நக்கிள்ஸ் மலைக்குள்ள, ஹுன்னஸ்கிரியவால திரும்பி போகணும், ரோடு முடியுற எடத்துலதான் ஊரே. வேன் போறதே கஷ்டம், போனுக்கு சிக்னல் எதிர்பாக்காதீங்க, அட்டை கடி நிச்சயம். சித்தாலேப தைலத்த சொக்ஸ் மேல தேச்சுக்கிட்டு போனோம், அப்பவும் சாயங்காலம் சொக்ஸ கழட்டுனா செவப்பா ஊறியிருந்துச்சு. பார் கெடையாது, வேணும்னா கித்துள் மரத்துலருந்து எறக்குற கள்ளு. தங்குன வீட்டுக்காரர் பிளாஸ்டிக் ஜக்குல கொண்டாந்து வச்சாரு, மேல ரெண்டு தேனீ மெதந்துக்கிட்டு இருந்துச்சு, விரலால எடுத்து போட்டுட்டு ஊத்துனாரு. காலைல வாங்குனது பால் மாதிரி, இனிப்பு தூக்கலா லேசா சுர்ருனு. அதே ஜக்குல மிச்சத்த மதியத்துக்கு குடிச்சா மூஞ்சி கோணுது, அவ்வளவு புளிப்பு. அந்த வீட்டு அக்கா அதே தண்ணிய புளிக்க விடாம காய்ச்சி பாணி எடுக்குறாங்க, தயிரோட ஊத்தி குடுத்தாங்க, கள்ளு குடிச்சவன விட பாணி சாப்ட்டவன்தான் அன்னைக்கு சந்தோஷமா இருந்தான்.

நுவரெலியாவ கடைசில வச்சதுக்கு காரணம் இருக்கு. எங்க க்ரூப்ல அத யாரும் ஒரு ஆப்ஷனாவே எடுக்கமாட்டாங்க, “அது அம்மா அப்பாவோட போயி ஸ்ட்ராபெரி வாங்கிட்டு வர்ற ஊரு”ன்னுவானுங்க. ஏப்ரல்ல அது சரிதான், பூ கண்காட்சி, குதிர ரேஸ்னு கூட்டம் நெரிக்கும், ரூம் வாடகை கேட்டா தல சுத்தும். ஏப்ரல விட்டுட்டு பெப்ரவரி, மார்ச்ல போயி பாருங்க.

விஷயம் என்னன்னா பக்கத்துல இருக்கிற ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா. கேட்டு ஆறு மணிக்கு தொறப்பாங்க, ஒம்பது, பத்துக்கெல்லாம் மூடுபனி ஏறிரும், அப்பறம் உலக முடிவுன்னு சொல்ற பாறை விளிம்புல போயி நின்னா வெள்ளத் துணிய தொங்க விட்ட மாதிரிதான் தெரியும், 870 மீட்டர் பள்ளம் இருக்குன்னு நம்பிட்டு வர வேண்டியதுதான். அதனால நுவரெலியாவுலருந்து விடிய நாலரைக்கே கெளம்பணும். நாலரைக்கு கெளம்பணும்னா மொத நாள் ராத்திரி யாரும் ஓவரா போகமாட்டான். நீங்க புத்தி சொல்ல தேவையில்ல, கேட்டு டைமே சொல்லிரும். கித்துல்கலயில எங்களால செய்ய முடியாதது, எல்லயில சத்தியம் பண்ணியும் நடக்காதது, இங்க தானா நடக்குது. கேட்ல பேக்க தொறந்து பாப்பாங்க, பொலித்தீன் எல்லாம் எடுத்துருவாங்க, தண்ணி போத்தல்ல இருக்கிற லேபிளையும் கிழிச்சிருவாங்க. ஒம்பது கிலோமீட்டர் சுத்து, அவ்வளவா ஏத்தம் இல்ல, ஆனா குளிரு எலும்புக்குள்ள போகும். யாழ்ப்பாணத்தான் துவாய தலையில சுத்திக்கிட்டு “டேய், உந்தக் குளிருக்க மனுசர் என்னண்டு நடக்கிறது”ன்னு வழி பூரா புலம்பினான், பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி வந்த ஒடனேதான் வாய மூடுனான். அந்த பேக்கர் வேற யாரும் இல்ல, மேல சொன்ன பியர்காரர்தான்.

பகல் பன்னண்டுக்கு டவுனுக்கு திரும்பிரலாம். அதுக்கப்பறம் தூங்கி எழும்பி, நாலு மணிக்கு மேல சுடச்சுட டெவில்ட் உருளைக்கெழங்கோட பியர் எடுத்தா, அதுக்கு பேருதான் ஒழைச்சு குடிக்கிறது. பழைய ஸ்டைல் வேணும்னா 1876ல தொடங்குன ஹில் கிளப் இருக்கு, ராத்திரில கோட்டு, டை இல்லாம உள்ள விடமாட்டாங்க, இல்லாதவங்களுக்கு இரவலா குடுப்பாங்க. எனக்கு அந்த கோட்டு போட்டா தாத்தா காலத்து தொரை ஞாபகம் வருது, அதனால நான் டவுன்லயே ஒக்காந்துருவேன்.

திரும்பும்போது தலவாக்கலை, ஹட்டன் வழியா வாங்க, சென் கிளேயர், டெவன் ரெண்டு நீர்வீழ்ச்சியும் ரோட்டுலருந்தே தெரியும். வழில ஏதாவது ஒரு தேயிலை ஃபெக்டரி பாருங்க, கொழுந்த ராத்திரி பூரா வாட்டி, உருட்டி, காத்துல செவக்க விட்டு, அப்பறம் சூடு காட்டுறாங்க. ஃபெக்டரிக்காரங்க அத ஃபெர்மென்ட்னுதான் சொல்லுவாங்க, ஆனா பியர்ல மாதிரி ஈஸ்ட் வேலையெல்லாம் இல்ல. ப்ரூவரி டூர் கேட்டவனுக்கு இத காட்டுனேன், அவனுக்கு புடிச்சு போச்சு. ஒண்ணு மட்டும், தோட்டத்துக்குள்ள நொழஞ்சு, தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துக்கு முன்னால வேன நிப்பாட்டி போத்தல் தொறக்காதீங்க. சம்பள நாள்ல கள்ளுத் தவறணைக்கு முன்னால புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நிக்கிற பொம்பளைங்கள பாத்து வளந்தவன் சொல்றேன். அவங்களுக்கு அது ட்ரிப் இல்ல.

மழைய பத்தி ஒரு வார்த்த. மே மாசத்துலருந்து செப்டம்பர் வரைக்கும் மேற்கு பக்கம், அதாவது கித்துல்கல, ஹட்டன், நுவரெலியா பக்கம் ஊத்தும், அந்த நேரத்துல எல்ல பக்கம் வெயிலா இருக்கும். டிசம்பர், ஜனவரில எல்லயும் மீமுரேயும் நனையும். ஒக்டோபர், நவம்பர்ல எங்க போறதா இருந்தாலும் மண்சரிவு எச்சரிக்கை வந்துருக்கான்னு பாத்துட்டு போங்க, அதுல மட்டும் வீரம் காட்டாதீங்க.

என்கிட்ட கேட்டா ரெண்டு நாள் லீவு இருந்தா நுவரெலியா, ஜூலை, ஆகஸ்ட்னா எல்லயும் தியலுமவும், ஒரு நாள்னா கித்துல்கல, அதுவும் திரும்பி வர்ற வரைக்கும் கூல் பொக்ஸ் சாவி ட்ரைவர்கிட்ட. மீமுரேக்கு கூப்டுறதா இருந்தா போன் இல்லாம இருக்க தெரிஞ்சவன மட்டும் கூப்டுங்க.

ட்ரைவர்னு சொன்னேன்ல, நாங்க ஆள் புடிக்கிறதில்ல, முறை வச்சு ஓட்டுறோம், ஓட்டுறவன் அன்னைக்கு ஒரு சொட்டு தொடக்கூடாது, அவன் சாப்பாட்டு காச மத்தவங்க போடணும். மார்ச்சுல ஹோர்ட்டன் சமவெளி போறதா முடிவு பண்ணியாச்சு, போயாவும் பாத்தாச்சு, இடிக்கல. ஸ்டியரிங் இந்த தடவ என் முறை. ஜிஞ்சர் பியர் ரெண்டு போத்தல் எனக்குன்னு எடுத்து வைக்க சொல்லியிருக்கேன், வேன்ல காவல் இருந்தவன்தான் சாமான் லிஸ்ட் எழுதுறான், எழுதினானான்னு இன்னும் தெரியல.