எழுத்தாளர் கடிதம்னு போலி விக்கிறாங்க, காசு அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பழைய புத்தகம், தபால்தலை விக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர்கிட்ட ரெண்டு கடிதம் வாங்கினேன், 18,000 ரூபா போச்சு. ரெண்டுமே போலி. அந்த ஆள் இன்னமும் வித்துக்கிட்டுதான் இருக்காரு, அதான் எழுதுறேன்.

முதல்ல சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தன் கடிதம். 1948ல புனேல இருந்து மனைவி கமலா அம்மாளுக்கு எழுதினதுன்னு சொன்னாரு. அந்த வருஷம் அவர் சினிமா வேலையா அங்க இருந்ததும், காசநோய் முத்திப்போய் ஜூன் 30ம் தேதி திருவனந்தபுரத்துல இறந்ததும் அவரைப் படிக்கிறவங்களுக்குத் தெரியும், அந்தக் கடைசி மாசங்கள்ல வீட்டுக்கு எழுதின கடிதம்னா எந்த வாசகனுக்கும் மனசு பதறத்தான் செய்யும், அதைக் குறிவச்சுதான் இந்த வியாபாரமே. போட்டோ எல்லாம் எழுத்துக்குப் பக்கத்துல வச்சு எடுத்தது, தாளோட ஓரமே தெரியாது. கூரியர் பிரிச்சா உள்ள இன்லேண்ட் லெட்டர், அதாங்க தபால் ஆபீஸ்ல விக்கிற, ஸ்டாம்ப் அச்சடிச்சே வர்ற, மடிச்சு ஒட்டி அனுப்புற தாள்! ஸ்டாம்ப் அச்சடிச்ச மூலையை மட்டும் கிழிச்சிருக்கு. நம்ம நாட்டுல இன்லேண்ட் லெட்டர் வந்ததே 1950 அக்டோபர் 2, அதாவது அவர் இறந்து ரெண்டு வருஷம் தாண்டி.

எழுத்தும் அப்படித்தான். லை, னை, ணை எல்லாம் நாம இப்ப எழுதுற மாதிரியே இருக்கு. அந்தக் காலத்துல இதெல்லாம் மேல யானைத் துதிக்கை மாதிரி சுழிச்சு எழுதுவாங்க, ணா, றா, னாவுக்கும் தனிச் சுழி உண்டு, 1978ல எம்ஜிஆர் ஆட்சியில ஆணை வந்தப்புறம்தான் பரவலா மாறிச்சு. பெரியார் 1935லயே தன் பத்திரிகைல மாத்திட்டாரு, அதனால இது ஒன்னை மட்டும் வச்சு எல்லாக் கடிதத்தையும் போலின்னு சொல்லிட முடியாது, ஆனா தாளும் எழுத்தும் சேர்ந்து பொய் சொன்னா அப்புறம் என்ன பேச்சு.

ரெண்டாவது இன்னொரு சிறுகதை எழுத்தாளர் கு.அழகிரிசாமி எழுதினதுன்னு ஒரு போஸ்ட்கார்டு, 1966ம் வருஷ தேதி. கார்டுல பின்கோடுக்கு ஆறு கட்டம் இருக்கு. பின்கோடே 1972 ஆகஸ்ட் 15ல வந்தது, அவர் 1970லயே போயிட்டாரு.

கேட்டதுக்கு "குடும்பத்துக்காரங்ககிட்ட இருந்து வந்தது சார், உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா விடுங்க"ன்னாரு. எந்தக் குடும்பம்னு கேட்டேன், உடனே பிளாக் பண்ணிட்டாரு.

காசை விட எனக்கு ஆத்திரம் அந்த வாசகங்கள் மேலதான். புதுமைப்பித்தன் பேர்ல யாரோ உட்கார்ந்து அழுகையும் புலம்பலுமா எழுதியிருக்கான். நாளைக்கு ஒரு ஆய்வு மாணவர் இதை நிஜம்னு நம்பி கட்டுரைல சேர்த்தா அவர் சொல்லாததெல்லாம் அவர் சொன்னதா ஆயிடும், இல்லன்னு சொல்ல அவரா வரப்போறாரு?

யாராவது கடிதம் விக்கிறேன்னு வந்தா ரெண்டு பக்கமும், முழுத் தாளும், தபால் முத்திரையும் தெரியுற மாதிரி போட்டோ கேளுங்க. முடிஞ்சா நேர்ல பார்த்துட்டு காசு குடுங்க. சின்ன லென்ஸ் வச்சுப் பாருங்க, பிரிண்ட் எடுத்ததா இருந்தா புள்ளி புள்ளியா தெரியும், பேனா மைன்னா தாள் நார்ல இறங்கியிருக்கும். யார்கிட்ட இருந்து யாருக்கு வந்து இவர் கைக்கு எப்படி வந்துச்சுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க, மழுப்பினா விட்டுருங்க.

காசு அனுப்பிட்டீங்கன்னா தாமதிக்காம சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் பண்ணுங்க, பேங்க்லயும் சொல்லுங்க, சாட் எதையும் அழிக்காதீங்க. நான் புகார் குடுத்திருக்கேன். இதே மாதிரி கடிதம் வாங்கினவங்க இருந்தா எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க, எல்லாரோட ஸ்கிரீன்ஷாட்டையும் அந்தப் புகாரோட சேர்த்துடலாம்.