பின் சீட்டுக்கு ரோல் பார் போடுகிறீர்களா? பெயின்ட் அடிக்கும் முன் பைப்பைப் பாருங்கள்

பழைய ஜீப்பின் பின் சீட்டுக்கு ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் இரும்புக் கமான் போடுவதற்காக நாகர்கோவில், தக்கலை பக்கம் பட்டறை தேடிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரை எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறது, பெயரை அங்கே சொன்னால் போதும்.

வண்டி, அப்பா காலத்து மஹிந்திரா சிஜே 3பி. வில்லிஸ் கம்பெனி 1953இல் கொண்டுவந்த அதே உயர்ந்த பானெட், முன், பின் சக்கரங்களுக்கு இடையே 80 அங்குல வீல்பேஸ். மேலே படுதாவைத் தவிர வேறு காப்பு இல்லை; அந்தக் காலத்தில் கம்பெனியே ரோல் பார் கொடுத்ததில்லை. நீளமும் அகலமும் குறைந்த வண்டி சரிவில் எப்படி நடந்துகொள்ளும் என்பது கீரிப்பாறையிலிருந்து மாறாமலைக்கு ஏறும் கிராம்புத் தோட்டப் பாதையில் ஒருமுறை போனவருக்குத் தெரியும். பின்னால் எதிரெதிராக இருந்த பெஞ்சுகளை எடுத்துவிட்டு, முன்பக்கம் பார்த்த சீட்டும் பெல்ட்டும் மாட்டியிருந்தேன். அங்கே உட்காருகிறவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

நம் ஊரில் ரோல் பார் என்று கேட்டால் முன் சீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கமானை நட்டுவிட்டு அனுப்புகிறார்கள். வண்டி கவிழ்ந்தால் அது ஓட்டுநரின் தலையைக் காக்கலாம். பின்னால் இருப்பவர்களுக்கோ அது முகத்துக்கு நேரே நிற்கும் இரும்பு. அதனால்தான் பின் சீட்டுக்குப் பின்னால் இரண்டாவது கமான், இரண்டையும் மேலே இணைக்கும் நீளக் கம்பிகள், பின்னோக்கிச் சாயும் தாங்கிகள் எல்லாம் வேண்டும் என்று படம் வரைந்தே கொடுத்தேன். பைப் சீம்லெஸ், அதாவது நீளவாக்கில் பற்றவைத்த தையல் இல்லாதது; 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். “போட்டுவிடலாம் அண்ணாச்சி, சீம்லெஸ்தான்” என்று பட்டறைக்காரர் அனுப்பிய பதில் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. பேசிய தொகை 38,000 ரூபாய். பாதிக்கு மேல் முன்பணம்.

வண்டி திரும்பி வந்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது. கறுப்பு பெயின்ட் பளபளத்தது, கம்பிகளில் மெத்தை சுற்றியிருந்தது. முதலில் இடறியது உயரம். என் மச்சான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அவருடைய தலை மேல்கம்பிக்கு நான்கு விரற்கடை மேலே நின்றது. வண்டி குப்புற விழுந்தால் தரையை முதலில் தொடுவது கம்பியா, அவர் தலையா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் கொடுத்த படத்தில் உயரம் எழுதியிருந்தது. படுதா சட்டம் இடித்ததால் கமானைக் குறைத்துவிட்டார்களாம்.

கோட்டாற்றில் லேத் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் விரல் முட்டியால் கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மக்களே, இது நாற்காலி செய்கிற பைப்” என்றார். பின்தாங்கியில் சிறு துளை போட்டு வெர்னியரால் அளந்ததில் தடிமன் 1.6, அதாவது 16 கேஜ். ஒரு முனையை அறுத்ததும் உட்புறம் நீளவாக்கில் ஓடும் தையல் கோடு கண்ணிலேயே தெரிந்தது. பெயின்ட்டைச் சுரண்டியபோது வளைவுகளின் உட்புறம் மடிந்து நசுங்கியிருந்தது. அந்த மடிப்பைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். வளைந்த இடத்தில் நசுங்கிய பைப், பாரம் வந்தால் அங்கேதான் மீண்டும் மடியும். பட்டி பூசியவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அடிப்பகுதி இன்னும் மோசம். கமானின் கால்களைப் பின் சக்கர வளைவின் தகட்டில் நேரடியாக வெல்டிங் செய்திருந்தார்கள். கீழே தாங்கு தகடு இல்லை, போல்ட் இல்லை. எத்தனையோ மழையைப் பார்த்த பழைய தகடு அது. மலைப்பாதையின் சாதாரண ஆட்டத்துக்கே வெல்டிங்கைச் சுற்றிக் கீறல் விட்டிருந்தது. மெத்தை என்று சுற்றியிருந்தது ஏசி செம்புக் குழாய்க்குப் போடும் நுரை. அது தலையடியைத் தாங்காது. உள்ளே புகுந்த ஈரத்தை விடவும் விடாது. இரண்டு பருவமழையும் கடல் காற்றும் உள்ள நம் மாவட்டத்தில் அதற்குள் இரும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது கிடைத்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: “அண்ணாச்சி, இதெல்லாம் பார்வைக்குப் போடுவது. யார் வண்டியைக் கவிழ்க்கப் போகிறார்கள்?” பார்வைக்கு என்றால் சீம்லெஸ் விலை எதற்கு என்றேன். இரும்புக் கடையில் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்கள் என்று அடுத்த கதை தொடங்கியது. ரசீதில் “பைப் வேலை” என்ற இரண்டே சொற்கள். ஜிஎஸ்டி எண் கூட இல்லை.

இனி கொடுக்கப் போகிறவர்களுக்கு. நான் கேட்ட அளவு என் கற்பனை இல்லை. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ, பிரதான கமானுக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவே 45க்கு 2.5 அல்லது 50க்கு 2.0 மில்லிமீட்டர், குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் கார்பன் எஃகு. கமானின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தாங்கு தகடு, எம்8 அளவில் (8 மில்லிமீட்டர் விட்டம்) மூன்று போல்ட்டுகள். போல்ட் தலையில் அதன் வலிமையைக் குறிக்கும் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். தோட்டத்துக்குப் போகும் ஜீப் பந்தயத்துக்குப் போவதில்லைதான். ஆனாலும் பட்டறையில் பேசும்போது கையில் ஓர் அளவுகோல் வேண்டுமே.

பைப் வந்ததும் ஒரு மீட்டர் துண்டை எடை போடுங்கள். 45க்கு 2.5 என்றால் 2.6 கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 1.7 காட்டினால் எனக்கு வந்த அதே சரக்கு. தண்ணீர்க் குழாய்க்கான ஜிஐ பைப்பையும் தள்ளுவார்கள். அது தடிமனாக இருப்பதால் எடையில் தேறிவிடும். ஆனால் துத்தநாகப் பூச்சின் மேலேயே வெல்டிங் செய்தால் பற்றுக்குள் காற்றுக்குமிழிகள் விழும், அந்தப் புகையை இழுக்கிற வெல்டருக்குக் காய்ச்சலும் வரும். பெயின்ட் அடிப்பதற்கு முன் வெறும் இரும்பாகவே வண்டியில் நிறுத்தி, வீட்டிலேயே உயரமானவரைப் பின் சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். “பெயின்ட் அடித்த பிறகு வந்தால் போதும்” என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

பெல்ட் இல்லாமல் ரோல் பார் மட்டும் போடுவதில் பொருளே இல்லை. கவிழும் வண்டிக்குள் உடம்பு தூக்கியெறியப்பட்டு அந்தக் கம்பியிலேயே மோதும்.

ஆர்டிஓ விஷயத்தையும் பட்டறைக்காரர் “ஒன்றும் கேட்க மாட்டார்கள்” என்று முடித்துவிட்டார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றித்தான் பேசுகிறது. பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய சொந்த வண்டியின் பதிவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க அலுவலகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, உங்கள் அலுவலகத்தில் முதலிலேயே எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

இதேபோல் ஏமாந்தவர்கள் இருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. கைபேசிச் செய்திகளையும் ரசீதையும் அழித்துவிடாதீர்கள். அறுத்தெடுத்த பைப் துண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். நான் அதைத்தான் புகாரோடு காட்டப் போகிறேன்.

கோட்டாற்றுப் பெரியவர் புதிதாகச் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் 2.5 மில்லிமீட்டர் பைப்பை நசுங்காமல் வளைக்க, உள்ளே மாண்ட்ரல் என்ற தாங்குதண்டை விட்டு வளைக்கும் இயந்திரம் அவரிடம் இல்லை. மாவட்டத்துக்குள் அப்படி ஓர் இயந்திரம் வைத்திருப்பவர்களைத் தெரிந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் திருநெல்வேலியில் விசாரிக்க வேண்டும்.