35ஆ, 50ஆ: பத்தடி அறையில் முடிந்த கணக்கு

கிட் லென்ஸோடு கேமரா வாங்கி ஆறேழு மாதம் போனதும் எல்லோருக்கும் வருகிற கேள்விதான். அடுத்து ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம் என்றால் 35 மி.மீ.யா, 50 மி.மீ.யா? (எண் சின்னதானால் பார்வை அகலம், பெரிதானால் நெருக்கம்.) எங்கள் செங்கோட்டைப் பக்கம் யாரிடம் கேட்டாலும், "50 எஃப் 1.8 வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம்" என்பார்கள். நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன். இரண்டு வருஷம் அதையே மாட்டிக்கொண்டு சுற்றினேன். அப்புறம் 35 வாங்கினேன். இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது. கேமராவிலிருந்து 35 கழன்ற நாட்கள் குறைவு. நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பது தெரிந்தே மேலே படியுங்கள்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600, கிராப் சென்சார் பாடி, அதாவது படம் பதிகிற சென்சார் பிலிம் பிரேமைவிடச் சின்னதான கேமரா. லென்ஸ் மூன்று: கூடவே வந்த 18-55, ஏ.எஃப்-எஸ் 50 எஃப் 1.8 ஜி, ஏ.எஃப்-எஸ் டி.எக்ஸ் 35 எஃப் 1.8 ஜி. நான் எடுப்பது பெரும்பாலும் மனிதர்களை. சொந்தக்காரர், தெரிந்தவர் வீட்டு விசேஷங்கள், டீக்கடை, நடவு நேரத்தில் புளியரை வயல்கள், சீசன் வந்தால் குற்றாலம். பறவையும் விளையாட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு பயன்படாது. அவர்களுக்கு வேண்டியது 200 மி.மீ.க்கு மேலே.

எடை, விலை, வெளிச்சம் மூன்றிலும் இரண்டுக்கும் பெரிய சண்டை இல்லை. 35 இருநூறு கிராம், 50 நூற்று எண்பத்தைந்து கிராம். இரண்டுமே எஃப் 1.8; இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். கிட் லென்ஸை 55இல் வைத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதைவிட இவை உள்ளே விடுகிற வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. படத்தின் கூர்மையிலும் என் கண்ணுக்குச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இதை வைத்து முடிவெடுக்க முடியாது.

அடுத்தது, பலரும் தடுமாறுகிற இடம். "50தான் கண் பார்க்கிற மாதிரி பார்க்கும் லென்ஸ்" என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அது பிலிம் காலத்துப் பேச்சு. பிலிமின் ஒரு பிரேம் 36க்கு 24 மி.மீ. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவில் பெரும்பாலும் 50 மி.மீ. மாட்டித்தான் படமெடுத்தார் என்பதும் அந்தப் பெரிய பிரேமில்தான். நம் கையில் இருக்கிற கிராப் சென்சார் அதைவிடச் சின்னது, ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ. இதில் 50ஐ மாட்டினால் பழைய கணக்குப்படி 75 மி.மீ. போல நெருங்கிவிடும். கேனான் கிராப் பாடி என்றால் 80. பெரியவர்கள் புகழ்ந்த அந்தப் பார்வை நமக்கு வேண்டுமென்றால் கிராப் பாடியில் மாட்ட வேண்டியது 35. அது ஏறத்தாழ 52. எண் பொருந்துகிறதே என்று 50 வாங்கினால் வேறு ஒரு லென்ஸைத்தான் வாங்குகிறோம். நான் இதை வாங்கின பிறகுதான் புரிந்துகொண்டேன்.

சரி, 75 மி.மீ. பார்வை கெட்டதா? இல்லவே இல்லை. நிற்க இடம் இருந்தால் அருமையானது. எனக்கு எல்லாமே அந்த இடத்தில்தான் முடிவானது.

செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். பழைய தெருக்களில் இன்னும் ஓட்டு வீடுகள் உண்டு. தாழ்ந்த இறவாரம், சின்ன ஜன்னல், பகலிலும் மங்கலான தார்சா, அதாவது முன்கூடம். அகலம் பத்தடி, மிஞ்சினால் பன்னிரண்டடி. அப்படி ஒரு வீட்டில் ஒரு வளைகாப்பு. அந்தப் பெண்ணைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடி வளையல் அடுக்கிய தாம்பாளம் ஒரு பக்கம், சந்தனக் கிண்ணம் ஒரு பக்கம். நான் 50ஐ மாட்டிக்கொண்டு எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றேன். பிரேமில் வந்தது முகமும் தோளும் மடியில் கொஞ்சமும்தான். வளையல் போடுகிற கை வந்தால் தாம்பாளம் வரவில்லை, தாம்பாளம் வந்தால் முகம் வெட்டுப்பட்டது. வேறு வழியில்லாமல் முற்றத்தில் இறங்கி நின்று வாசல் வழியாக எடுத்தேன். நடுவில் ஆட்கள் போக வர, பாதிப் படத்தில் யாருடைய முதுகோ இருந்தது. வளையல் போட வந்த ஓர் ஆச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்யா அங்க போயி நிக்க? பக்கத்துல வந்து எடு." பக்கத்தில் போனால் என் லென்ஸில் அடங்காது என்பதை அவரிடம் எப்படி விளக்குவது?

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர் தலையிலிருந்து கால்வரை, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வர, பிரேமின் உயரத்தில் சுமார் 1.6 மீட்டர் அடங்க வேண்டும். கேமராவை நெடுக்காகப் பிடித்தால் 50க்கு 3.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அதாவது பதினோரு அடி. 35க்கு 2.4 மீட்டர், எட்டடி. தார்சாவே பத்தடி. எட்டு அதற்குள் அடங்குகிறது, பதினொன்று அடங்கவில்லை. நின்றுகொண்டிருக்கிற ஆளை முழு உயரத்தில் எடுக்க 50க்குப் பதினாலு அடி, 35க்குப் பத்தடி. அங்கே 35ம் சுவரோடு ஒட்டித்தான் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கேமராவைப் படுக்கையாகப் பிடித்து அதே ஆளை முழுசாக எடுக்க நினைத்தால் 50க்கு இருபத்தோரு அடி. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மொத்த அகலம் அவ்வளவு இல்லை.

அடுத்த வருஷம் அதே தெருவில், ஏறத்தாழ அதே அளவு தார்சாவில் இன்னொரு வளைகாப்பு. இந்த முறை 35. எட்டடி தள்ளி அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்றேன், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. எனக்குப் பிடித்த படம் அதில் ஒன்று இருக்கிறது. நடுவில் கையை நீட்டியபடி அந்தப் பெண். வளையலை மணிக்கட்டில் ஏற்ற விரல்களைக் குவித்துப் பிடித்திருக்கும் ஒரு சுருங்கிய கை. கீழே தாம்பாளத்தில் பச்சையும் சிவப்புமாக வளையல்கள். நாற்காலிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற ஒரு சின்னப் பையனின் பாதி முகம். அந்தப் பையனை நான் எடுக்கும்போது கவனிக்கவில்லை. 50ஆக இருந்திருந்தால் அவன் படத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

இந்தத் தூரத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எட்டடி என்பது சாதாரணக் குரலில் பேசுகிற தூரம். புளியரையில் கோட்டைவாசல் ஏறப்போகிற லாரிக்காரர்கள் நிறுத்துகிற டீக்கடைகள் உண்டு. நாலு பெஞ்சு, ஒரு பாய்லர், ஒரு தகரக் கூரை. அங்கே 50 வைத்து எடுக்கிறவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். தூரத்தில் நின்று குறி பார்க்கிறவனைக் கண்டால் யாருக்கும் முகம் இறுகத்தான் செய்யும். 35 என்றால் அதே பெஞ்சின் இந்த முனையில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேட்டு, அவர் சரி என்றதும் பேச்சை விடாமல் எடுக்கலாம். டீ ஆற்றுகிற கையும், ஆவியும், பின்னால் வரிசையாக நிற்கிற காய்கறி லாரியும் ஒரே பிரேமில் வரும். மலை தாண்டி ஆரியங்காவுக் கடைகளிலும் இதேதான். பாதி மலையாளம் பாதித் தமிழ் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். கேமராவை மறந்துவிடுவார்கள்.

50 ஜெயிக்கிற இடத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தனி முகப்படம். தலையும் தோளும் மட்டும் படுக்கைவாட்டுப் பிரேமில் வர, 35க்கு நாலரை அடி வரை நெருங்க வேண்டும், 50க்கு ஆறேகால் அடி போதும். நெருங்க நெருங்க மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரியும். அது லென்ஸின் குற்றம் இல்லை, தூரத்தின் வேலை. ஆனாலும் முகத்தில் தெரிவது தெரிவதுதான். பின்னணி கரைவதிலும் 50 ஒரு படி மேலே. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கிற சமயம் கேரளாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து படமெடுப்பார்கள். அங்கே பின்வாங்க ஒரு காடு முழுக்க இடம் உண்டு. அந்த நாட்களில் நான் இன்றும் 50ஐத்தான் மாட்டுகிறேன். 35இல் ஒரு குறை: எஃப் 1.8இல் முழுசாகத் திறந்து எடுத்தால், பளிச்சென்ற ஓரங்களில் பச்சையும் ஊதாவுமாக ஒரு கோடு வரும். வெயிலில் எவர்சில்வர் பாத்திரம் இருந்தால் நன்றாகவே தெரியும். எஃப் 2.8க்கு இறக்கினால் பெருமளவு அடங்கும். நேர்க்கோடுகள் லேசாக வயிறு வைத்தாற்போல வளைவதும் உண்டு. மனிதர்களை எடுக்கையில் கவனத்துக்கு வராது, கதவு நிலையை நேராக எடுத்தால் வரும்.

கிட் லென்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். 1904இல் மீட்டர் கேஜாகத் தொடங்கிய நம் புனலூர் ரயில் பாதையில், கழுதுருட்டிப் பக்கம் 13 கண் பாலம் இருக்கிறதே, ரோட்டோரம் நின்று அதன் கண்கள் எல்லாம் தெரிய எடுக்க 35 போதாது. 18தான் கைகொடுக்கும், அதுவும் சாய்ந்த கோணத்தில். நல்ல வெயிலில் எஃப் 8 வைத்து எடுத்தால் கிட் லென்ஸ் படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் பக்கத்துச் சாரல் லென்ஸுக்கு எதிரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துணியே காயாத ஊரில், பைக்குள் கிடக்கிற லென்ஸில் ஃபங்கஸ் பிடிக்கும். 35 வந்த பிறகு என் 50 ஒரு சீசன் முழுக்கத் தோல் பையில் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முன் கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி நூல் போல ஓரமாகப் படர்ந்திருந்தது. கழற்றித் துடைக்கக் கொடுத்தேன், போனது. கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் போயிருக்காது. தினமும் வெளிச்சத்தையும் காற்றையும் பார்க்கிற லென்ஸுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒன்றைத்தான் அதிகம் மாட்டப் போகிறோம் என்றால், மற்றதைத் தோல் பையிலோ துணிப் பையிலோ வைக்காமல், இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினதும் வறுத்து மறுபடி போடலாம். ஐந்தருவிப் பக்கம் ஏசி காரிலிருந்து இறங்கின உடனே கேமராவை எடுக்காதீர்கள். கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிடும். பையோடு பத்து இருபது நிமிஷம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள்.

விற்கும்போது 50க்குத்தான் சாதகம். நாளைக்கு பிலிம் பிரேம் அளவு சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் பாடிக்குப் போனாலும் அது முழு பிரேமுக்கும் வேலை செய்யும், ஆகவே வாங்க ஆள் அதிகம். என் 35 டி.எக்ஸ் கிராப் பாடிக்கென்றே செய்தது. ஃபுல் ஃபிரேம் வாங்கப் போவது உறுதி என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள், 50ஐயே வாங்குங்கள். அங்கே அது உண்மையான 50ஆக நிற்கும். நண்பரிடம் இரண்டு நாள் ஃபுல் ஃபிரேம் வாங்கி அதே தார்சாவில் எடுத்துப் பார்த்தபோது, கிராப்பில் 35 தருகிற பார்வையைத்தான் 50 எனக்குக் கொடுத்தது. இரண்டு நாள் அனுபவத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை. கேனான் கிராப் வைத்திருப்பவர்கள் 24 எஃப் 2.8 எஸ்.டி.எம். பக்கம் பார்க்கலாம். அது ஏறத்தாழ 38. பத்தடி அறைக்கு என் 35ஐவிடவும் தாராளம், ஆனால் வெளிச்சம் ஒரு படிக்கு மேல் குறையும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நிக்கான் 50 எஃப் 1.8இல் 'டி' என்று முடிகிற பழைய மாடல் குறைந்த விலைக்குக் கிடைக்கும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் அதில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருக வேண்டும். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிற மாடல்தானா என்று, ஏ.எஃப்-எஸ் என்றும் கடைசியில் 'ஜி' என்றும் இருக்கிறதா பாருங்கள். அப்படியே மொபைல் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து, நூல் போல ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இன்னும் மனசு நிற்கவில்லையா? காசு செலவில்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கிட் லென்ஸை 35இல் நிறுத்தி ஜூம் வளையத்தின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் வீட்டுக்குள்ளும் தெருவிலும் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 50இல் ஒட்டுங்கள். எந்த வாரத்தில் உங்கள் முதுகு அதிகமாகச் சுவரில் இடித்தது என்று பாருங்கள்.