மேல்முறையீட்டு வக்கீல்: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

வீடு வாங்க ஒப்பந்தம் போட்டு முன்பணமும் கொடுத்தேன். உரிமையாளர் பத்திரம் எழுதித் தரவில்லை. வழக்குப் போட்டுக் கீழ்க்கோர்ட்டில் தோற்றேன். மீதித் தொகையோடு நான் தயாராக இருந்ததற்கு ஆதாரம் இல்லையாம். அப்புறம்தான் இவரிடம் போனேன்.

என் சோகக் கதையை அவர் கேட்கவே இல்லை. "தீர்ப்பு என்று வந்தது?" என்றார். மேல்முறையீட்டுக்கான கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள் என்று அனுப்பிவிட்டார். கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

அடுத்த முறை பேங்க் ஸ்டேட்மென்ட்டை நீட்டினேன். "இது மறுவிசாரணை இல்லை சார். அங்கே காட்டாததை இங்கே லேசில் ஏற்கமாட்டார்கள்" என்று தள்ளி வைத்துவிட்டு, கீழ்க்கோர்ட் வழக்கின் காகிதக் கட்டைப் புரட்டினார். என் நோட்டீஸுக்கு உரிமையாளர் அனுப்பிய பதில் அதில் இருந்தது. 'பணம் தயார் என்கிறீர்கள், எனக்குத்தான் அவகாசம் வேண்டும்' என்று அவரே எழுதியிருக்கிறார்! தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேல்முறையீட்டு மனு முழுவதும் அந்தக் கடிதத்தின் மேல்தான் நிற்கிறது. என் பழைய வக்கீலும் அதைப் படித்தவர்தானே?

மேல்முறையீடு போட்டாலே வீட்டை வேறு யாருக்கும் விற்க முடியாது என்று நினைத்திருந்தேன். அதற்குத் தனியாக இடைக்காலத் தடை கேட்க வேண்டுமாம். கேட்டார், கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஜெயிப்போம் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு நட்சத்திரம் குறைத்தது ஏன் என்றால், மனிதர் போனையே எடுப்பதில்லை. ஜூனியரைத்தான் பிடிக்க வேண்டும்.